மரக்காணம் உப்பும் மழலைப் பேச்சும்: தெரியுமா உங்களுக்கு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் ஒரு நிமிடமாவது ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க மாட்டார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம், இடையிடையே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு சொல் வாயிலிருந்து வெளிவருவதற்குள், அதே உப்பில் இருக்கிற சோடியம் உங்கள் மூளை நரம்புகளின் சுவர்களை எண்ணவே முடியாத தடவை கடந்து முடித்திருக்கும், தெரியுமா?

நரம்பில் ஓடும் செய்தி என்பதே சோடியம் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் வெளியே போவதும்தான்! இதைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? கணவாய்! கணவாயின் உடம்பில் ஒரு நரம்பிழை கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பருமன் இருக்கும். அதற்குள் மெல்லிய கம்பியைச் செருகி மின்சாரத்தை அளந்தார்கள் இங்கிலாந்தின் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். 1952-இல் கணக்கோடு எழுதி வைத்தார்கள், 1963-இல் நோபல் பரிசு வந்தது. ஒரு பாய்ச்சல் தொடங்கி அடங்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம் போதும்.

இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு உப்பைக் கூட்டிவிடாதீர்கள். ஒரு வயது வரை குழந்தையின் சாப்பாட்டில் தனியாக உப்பே சேர்க்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தாய்ப்பாலிலும் சோறு, பருப்பு, காய்களிலும் இருக்கிற சோடியமே அந்தச் சின்ன உடம்புக்குப் போதும்.

ஆனால் உப்புக்கும் மழலைப் பேச்சுக்கும் இன்னொரு உறவு இருக்கிறது. அது உப்பளத்து உப்பில் இல்லாத ஒரு பொருளால் வந்தது. அயோடின்! கடல் நீரில் அயோடின் உண்டு, மீனில் உண்டு, கடற்பாசியில் ஏராளம் உண்டு. அதே நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவைத்து வாருகிற உப்பில் அது அநேகமாக இருப்பதே இல்லை. கடலோரத்தில் குடியிருக்கிறோம், உப்பை நாமே விளைவிக்கிறோம், நமக்கெதற்கு அயோடின் கவலை என்று நினைப்பது எவ்வளவு இயல்பு! எவ்வளவு ஆபத்தும்கூட!

ஒரு மனிதருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும் அயோடினை ஒன்றாகத் திரட்டினால் ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும், தெரியுமா? அந்தத் துளியிலிருந்துதான் உடம்பு தைராய்டு ஹார்மோனைச் செய்துகொள்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் தைராய்டு முழு வேலைக்கு வரப் பாதிக் கர்ப்பம் கடந்துவிடும். அதுவரை அம்மாவின் ஹார்மோன்தான் குழந்தைக்கும். மூளைச் செல்கள் பிறந்து தத்தம் இடத்துக்குப் போய்ச் சேரவும், காதுக்குள் நத்தை போலச் சுருண்டிருக்கும் காக்ளியா சரியாக உருவாகவும் அந்த ஹார்மோன் வேண்டும். அது கடுமையாகக் குறைந்தால் குழந்தை காதும் கேளாமல், பேச்சும் வராமல், அறிவு வளர்ச்சியும் குன்றிப் பிறக்கக்கூடும். இமயமலை அடிவாரக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கெல்லாம் முதல் காரணம் அயோடின் பற்றாக்குறைதான் என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

இதற்கு மருந்து உப்புதான் என்று நம் நாட்டில் நிரூபித்தது இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கு. மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் 1956-இல் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன பகுதிகளில், அயோடின் பற்றாக்குறையால் கழுத்து வீங்கும் கழுத்துக்கழலை மளமளவென்று குறைந்தது. பிறகு மூன்றாவது பகுதிக்கும் அதே உப்பைக் கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. 1962-இல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. மருந்துக் கடைக்கே போகாமல், சமையலறை வழியாக ஒரு நாட்டின் மூளை ஆரோக்கியத்தைக் காப்பாற்ற முடியும் என்ற எண்ணமே எவ்வளவு பெரிய அதிசயம்!

இப்போது சொல்லப் போவது என்னை உலுக்கிய எண்கள். 2018-19-இல் எடுக்கப்பட்ட இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நாடு முழுவதும் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில்? 61.9 சதவீதம். மாநிலங்களில் கடைசி இடம்! நாட்டுக்கே உப்பு விளைவித்துக் கொடுக்கும் முன்னணி மாநிலங்களில் ஒன்று, தன் வீட்டு அடுப்படியில் பின்தங்கி நிற்கிறது. சாப்பாட்டு உப்பை அயோடின் கலக்காமல் விற்கக் கூடாது என்ற சட்டம் 2006 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. கடையில் நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின், அவ்வளவுதான் அளவு. நம் வீடுகளில் குழம்புக்குக் கல் உப்புதான் ருசி என்பார்கள். வாங்குங்கள், தவறே இல்லை. அயோடின் கலந்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது, பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பாருங்கள். அளத்திலிருந்து நேராக வண்டியில் வரும் உப்பு மீன் கருவாடு போட ஆகட்டும், கர்ப்பிணி இருக்கிற வீட்டுச் சமையலுக்கு வேண்டாம். வாங்கிய உப்பைத் தண்ணீரில் அலசாதீர்கள், அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள், மூடி போட்ட ஜாடியில் வையுங்கள்.

பிறவியிலேயே தைராய்டு சரியாகச் சுரக்காத குழந்தைகள் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் நம் நாட்டில் பிறக்கிறார்கள். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். ஒரு சின்ன மாத்திரை, அது தொடங்கும் தேதி, இரண்டும் சேர்ந்து ஒரு முழு வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன!

உப்பளத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கல் சூளை, வயல், உப்பளம் போன்ற இடங்களில் வெப்பத்தில் உழைக்கும் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 800 பெண்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்கு என்று 2024-இல் வெளியிட்டார்கள். வெப்பம் குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம்; குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறக்கும் குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகும் வாய்ப்பு அதிகம் என்பது வேறு ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆகவே நிழலும் குடிதண்ணீரும் கர்ப்பிணிக்குச் செய்யும் சலுகை இல்லை, குழந்தையின் மூளைக்குச் செய்யும் பாதுகாப்பு.

கருவில் இருக்கும் மூளையைச் செல் செல்லாகப் பார்க்க முடியுமா? பார்த்துவிட்டார்கள், அதுவும் சென்னையில்! ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 14 முதல் 24 வார வளர்ச்சியில் இருந்த ஐந்து கருக்களின் மூளைகள், மொத்தம் 5,132 சீவல்கள், ஒவ்வொன்றும் செல் தெரியும் அளவுக்குப் படமாக்கப்பட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் நடந்த வேலை. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் காசு கொடுக்காமல் திறந்து பார்க்கலாம். நாளைக்கே இதிலிருந்து பேச்சுத் தாமதத்துக்கு மருந்து வந்துவிடும் என்று சொல்லவில்லை. வழக்கமான வளர்ச்சி எப்படி இருக்கும் என்ற வரைபடம் கையில் இருந்தால்தான் வளர்ச்சி எங்கே விலகுகிறது என்பது புலப்படும்.

வயிற்றுக்குள் இருக்கும்போதே, ஆறாவது மாதம் நடக்கையில், குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது! 1980-இல் அமெரிக்காவில் அந்தோனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு தாளத்தில் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும், வேறு தாளத்தில் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரல் வருகிற தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்!

அதைவிட ஆச்சரியம் ஒன்று. த, ட இந்த இரண்டு ஒலிகளையும் நம் காது எவ்வளவு சுலபமாகப் பிரிக்கிறது! ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களால் பிரிக்க முடிவதில்லை. ஆனால் அவர்கள் வீட்டு ஆறேழு மாதக் குழந்தையால் முடியும்! கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தி ஒலிகளை வைத்து 1984-இல் இதைக் காட்டினார்கள். ஒரு வயது நெருங்கும்போது ஆங்கில வீட்டுக் குழந்தைகளிடம் அந்தத் திறமை மங்கிவிட்டது, இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் நிலைத்துவிட்டது. அதாவது, முதல் சொல்லைப் பேசுவதற்கு முன்பே மூளை எந்த ஒலிகளை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்று முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. "இன்னும் பேசவே இல்லை, அதற்குள் என்ன அவசரம்?" என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு ஆய்வே பதில்.

எட்டு மாதக் குழந்தையை இடைவெளியே இல்லாமல் ஓடும் ஒலித்தொடரை இரண்டே நிமிடம் கேட்கவிட்டால் எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கணக்குப் போட்டுவிடும்! ஜெனி சாஃப்ரன் குழுவினர் 1996-இல் கண்டது. "ஆயா அளத்துக்குப் போயிட்டு வந்துடறேன் கண்ணு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கிளம்பும் பாட்டியின் பேச்சை அது அப்படித்தான் பிரித்துப் பிரித்துச் சேமித்துக்கொள்கிறது.

இவ்வளவும் காது கேட்டால்தான். இங்கேதான் ஒவ்வொரு பெற்றோரையும் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது நாக்கை அல்ல, காதை! வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள், நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டினால் பேசிவிடும் என்பார்கள். அந்தச் சவ்வு குட்டையாக இருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு தடுமாறலாம், பேச்சே வராமல் போவதற்கு அது காரணம் இல்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதோ ஆபத்து. தடவித் தடவிப் பார்த்துக் காத்திருக்கும் அந்த மாதங்கள் திரும்பி வராதவை.

பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்க அது கையைத் தூக்க வேண்டாம், தலையாட்ட வேண்டாம், தெரியுமா? தூங்கினால் போதும்! ஏனென்றால் நம் காதே ஒலி எழுப்புகிறது! 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் கண்டுபிடித்தது. வெளியிலிருந்து ஒரு 'டிக்' ஒலியை உள்ளே அனுப்பினால், ஆரோக்கியமான காக்ளியா தன் பங்குக்கு ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். குட்டி மைக்கை வைத்து அதைப் பிடித்துவிடலாம். இதுதான் ஓ.ஏ.இ. சோதனை. அதில் சந்தேகம் வந்தால் பெரா சோதனை. தலையில் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி, ஒலி காதிலிருந்து மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். ஒலி கிளம்பிய ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அலைகள் வரிசையாகத் திரையில் எழும்! வலி இல்லை, ஊசி இல்லை.

உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. ஏன் ஆறு? அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ 1998-இல் காட்டியது அது. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட காது கேளாத குழந்தைகள், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியில் எவ்வளவோ முன்னே இருந்தார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே காது கேளாமல் போனவர்கள், குழந்தையைப் பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தவர்கள், குழந்தைக்குப் பிறந்ததும் மஞ்சள் காமாலை கடுமையாக இருந்த பெற்றோர் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

காக்ளியர் இம்ப்ளான்ட் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலை செய்யாத காக்ளியாவைத் தாண்டி நரம்புக்கே நேராக மின்துடிப்பை அனுப்பும் கருவி. பல லட்ச ரூபாய் ஆகும் இந்த அறுவை சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம். ஆனால் ஆறு வயது வரைக்கும் காத்திருக்கலாம் என்று அர்த்தம் இல்லை! அனு சர்மா என்ற நரம்பியல் ஆய்வாளர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைகளின் மூளை அலைகளை அளந்தார். மூன்றரை வயதுக்குள் பொருத்தியவர்களின் மூளை சில மாதங்களிலேயே கேட்கும் குழந்தைகளின் மூளைபோலப் பதில் சொன்னது. ஏழு வயதுக்குப் பின் பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி நடக்கவில்லை. ஒலி வராமல் காத்துக் கிடந்த மூளைப் பகுதியைப் பார்வையும் தொடுதலும் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. ஐப்பசி மழை இறங்கிய பின் பாத்தியில் நீர் பாய்ச்சி உப்பு வார முடியுமா? மூளைக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது.

காது நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் பேசவில்லை என்றால்? கவனிக்க வேண்டியவை இவை. பத்துப் பதினொரு மாதத்தில் "பபபபா, தாதாதா" என்று அடுக்கு ஒலி வர வேண்டும். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும், விரலை நீட்டி எதையாவது காட்ட வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை வயதில் தனிச் சொற்கள். இரண்டு வயதில் ஐம்பது சொல் அளவுக்கும், "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல் சேர்த்தும். எந்த வயதாக இருந்தாலும் வந்த பேச்சு நின்று போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இதில் விரல் நீட்டுவதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. ஜனா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 2005-இல் எழுதியதைப் படித்தால் சிலிர்க்கும். குழந்தை எந்தப் பொருளை முதலில் விரலால் காட்டுகிறதோ, அதன் பெயர்தான் சில மாதம் கழித்து வாயில் சொல்லாக வருகிறது! மரக்காணம் பக்கத்துக் கழுவேலி ஏரியில் இறங்கும் பூநாரையைப் பார்த்து உங்கள் குழந்தை விரல் நீட்டினால், அது ஏற்கெனவே பேசத் தொடங்கிவிட்டது. காது கேளாத பெற்றோரின் சைகை மொழியைப் பார்த்து வளரும் காது கேளாத குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுவதையும் லாரா பெட்டிட்டோ 1991-இல் கண்டு சொன்னார். மூளைக்கு வேண்டியது மொழி. அது காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும் வாங்கிக்கொள்கிறது!

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனாரு, இவனும் பேசிடுவான் விடும்மா." உப்பளத்தெருவானாலும் மீனவர் குப்பமானாலும் அடுக்குமாடியானாலும் இந்த வார்த்தை ஒன்றுதான். அன்பில் சொல்வது. சில நேரம் உண்மையாகவும் ஆகிவிடுகிறது, ஏனென்றால் இரண்டு வயதில் பேசாத குழந்தைகளில் பாதிப் பேர் அளவுக்குத் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். மீதிப் பாதியில் நம் குழந்தை இருக்கிறதா என்று இரண்டு வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆண் குழந்தைகள் கொஞ்சம் பிந்துவார்கள் என்பது நிஜம், ஆனால் அது வருடக் கணக்கில் இல்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாகும் என்பது உண்மையே இல்லை. தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அம்மாவுக்கு நன்றாக வரும் மொழிதான் குழந்தைக்கு நன்றாக வரும் மொழி.

காத்திருப்பதற்கும் கைகொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், மற்றபடி ஆரோக்கியமாக இருந்து பேச்சு மட்டும் பிந்திய இரண்டு வயதுக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் அம்மாக்களுக்கு மூன்று மாதம் பயிற்சி. இன்னொரு குழு காத்திருந்தது. மூன்று வயதில் பார்த்தபோது பயிற்சி பெற்ற குழுவில் 75 சதவீதக் குழந்தைகள் வயதுக்கேற்ப பேசினார்கள், காத்திருந்த குழுவில் 44 சதவீதம்! 2009-இல் வெளியான இந்த ஆய்வில் பயிற்சி பெற்றது குழந்தைகள் இல்லை, அம்மாக்கள் என்பதைக் கவனியுங்கள்.

அப்படி என்ன பயிற்சி? குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசு. சொல்லிவிட்டுக் காத்திரு. அது "பா" என்றால் "ஆமா, பால்! சூடான பால்" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடு. "இது என்ன, சொல்லு சொல்லு" என்று பரீட்சை வைக்காதே. படப் புத்தகம் ஒன்றைச் சேர்ந்து பார். இதற்குக் காசு வேண்டாம். அதிகாலையிலேயே அளத்துக்குப் போய்விடும் அம்மாவுக்கு நேரம்தான் வேண்டும், அது உண்மையிலேயே கஷ்டம், எனக்குத் தெரியும். சாயங்காலம் குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, மீன் அலசும்போது நடக்கிற பேச்சுவார்த்தை போதும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். 2018-இல் ரேச்சல் ரோமியோ குழுவினர், வீட்டில் பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிக்கொண்ட எண்ணிக்கையை எண்ணி, பிறகு குழந்தைகளின் மூளையைப் படம் எடுத்தார்கள். கதை கேட்கும்போது மூளையில் பேச்சுக்கு உதவும் ப்ரோகா பகுதி யாருக்கு அதிகம் விழித்தெழுந்தது தெரியுமா? அதிகச் சொற்களைக் கேட்டவர்களுக்கு அல்ல, அதிக முறை மாறி மாறிப் பேசியவர்களுக்கு! குடும்ப வருமானம் இதில் குறுக்கே வரவில்லை.

செல்போன் இதைத்தான் செய்ய முடியாது. பேட்ரிசியா கூல் 2003-இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்க வைத்தார். நேரில் ஒருவர் உட்கார்ந்து விளையாடிப் பேசிய 12 அமர்வுகளில் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆள், அதே பேச்சு, திரையில் காட்டியபோது ஒன்றுமே கற்கவில்லை! இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதன் பின்னே இப்படிப்பட்ட ஆய்வுகள் நிற்கின்றன. ரைம்ஸ் போட்டால்தான் சாப்பிடுகிறான் என்கிற வீடுகளில், சாப்பாட்டு நேரம்தான் ஒரு நாளின் மிக நல்ல பேச்சு நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறக்கும் தருணத்தில் பக்கவாதம் வந்து இடப்பக்க மூளையின் மொழிப் பகுதியை இழந்த குழந்தைகள் பேசுவார்களா? பேசுகிறார்கள்! எலிசா நியூபோர்ட் குழுவினர் 2022-இல் அப்படிப்பட்டவர்களை வளர்ந்த பின் சோதித்தார்கள். மொழி அப்படியே வலப்பக்கத்தில், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல அதே இடங்களுக்கு மறுபுறம் குடியேறியிருந்தது. இதே பக்கவாதம் பெரியவருக்கு வந்திருந்தால் பேச்சையே பறித்திருக்கும். சின்ன வயதின் மூளைக்கு இருக்கிற வளையும் சக்தியை வேறு எந்த வயதிலும் நாம் பெற மாட்டோம்.

இப்படிச் சின்ன வயதிலேயே குழந்தைகளுக்குக் கைகொடுப்பதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. காது கேளாத மழலைகளைப் பேச வைப்பதற்காகவே சென்னையில் பால வித்யாலயா 1969-இல் தொடங்கியது. அங்கே அம்மாவும் வகுப்பில் உட்கார வேண்டும்! மதுரம் நாராயணன் மையம் 1989-இல் தொடங்கியது 'உபநயன்'. பிறப்பு முதல் இரண்டு வயது வரையிலான 250 திறன்களை வரிசைப்படுத்தி, குழந்தை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்தது எது என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி இப்படிப்பட்ட பயிற்சியைக் கொண்டுபோகிறது. பேச்சே வராத குழந்தைகள் படத்தைத் தொட்டுப் பேச உதவும் 'ஆவாஸ்' செயலி சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது. படம் காட்டிப் பழக்கினால் வாயால் பேசவே பேசாது என்று பயப்படுவார்கள். 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இப்படிப் பழகியவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது!

மரக்காணத்திலிருந்து எங்கே போவது? முதலில் அங்கன்வாடி. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் கழுத்துக்கழலையும் இருக்கிறது, காது கேளாமையும் இருக்கிறது, பேச்சுத் தாமதமும் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதித் தருவார்கள். விழுப்புரம் மாவட்டத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தெற்கே போனால் புதுச்சேரி ஜிப்மர், அதே கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். முட்டுக்காட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு எல்லாச் சோதனையும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் தரும் மையம் 2021 ஜூனில் திறக்கப்பட்டது.

குழு வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள்: "காது சோதனைக்கு எழுதிக் கொடுங்க, பெரா பாக்கணும்." தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். புது முகங்களைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. அதனால் முந்தின நாளே வீட்டில் அது விளையாடுவதை, கேட்பதை, விரல் நீட்டுவதை இரண்டு நிமிடம் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்கிற சொற்களை, அரைகுறையாகச் சொல்வதையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.